வேண்டாம் என்று சொல்லாத காலை

எங்கள் விமானப் பயிற்சி நிலையத்தில் அவரைப் பல்டாக்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நாற்பத்தெட்டு வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். எஞ்சின் மூடியைத் தூக்கி எண்ணெய் பார்க்கும்போதெல்லாம், "எங்க, கொஞ்சம் வாயைத் திறங்க" என்பார். மெக்கானிக் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார்.

பதினான்கு மாதம் நான்தான் கற்றுக்கொடுத்தேன். நிதானமான கை. ஆனால் யாரிடமாவது வருகிறேன் என்று சொல்லிவிட்டால் பின்வாங்கத் தெரியாது. ஒருநாள் காய்ச்சலோடு வகுப்புக்கு வந்து நின்றார். "நீங்க காத்திட்டிருப்பீங்களே மாஸ்டர்" என்றார். திட்டினேன். மறுபேச்சில்லாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

உரிமம் கைக்கு வந்த மூன்றாவது வாரம், மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் அக்காவை விமானத்தில் அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா போனபின் அவரை வளர்த்தவர் அந்த அக்காதான்.

அன்று காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"மாஸ்டர், மலைமேல கொஞ்சம் மேகம் தெரியுது. போகலாமா?"

"வானிலை அறிக்கை என்ன சொல்லுது?"

"பத்து மணிக்கு மேல விலகிடும்னு போட்டிருக்கு. ஆனா அக்கா அந்தப் பக்கத்து ஏர்போர்ட்டுக்கு ஒன்பதுக்கே வந்து நின்னுடுவா."

மகளின் பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. "லைசென்ஸ் வாங்கியாச்சு டாக்டர், இனிமே நீங்கதான் முடிவு பண்ணணும். பாத்துப் போங்க" என்றேன்.

"சரி மாஸ்டர்" என்று வைத்துவிட்டார்.

அக்காவிடம் சொல்ல அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கிறது. நான் வேண்டாம் என்றிருந்தால், மாஸ்டர் விடமாட்டேங்கிறார் என்று சொல்லிவிட்டு வீட்டில் காபி குடித்திருப்பார். இது எனக்கு உறைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எட்டரைக்குத் தனியாகக் கிளம்பியவர் மேகத்துக்குள் நுழைந்துவிட்டார். உள்ளே போனால் எது மேல், எது கீழ் என்று உடம்புக்குப் புரியாது. முன்னால் இருக்கும் கருவிகளை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அதில் அவருக்கு இருந்தது மூன்று மணி நேரப் பயிற்சி. மறுநாள் மதியம் மலைச்சரிவில், மரங்களுக்கு நடுவே உடலைக் கண்டெடுத்தார்கள். அவருடைய கிளினிக் பெண் அந்த வாரம் முழுக்க நோயாளிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து அழுதுகொண்டே சொன்னாளாம்.

விசாரணைக்கு வந்தவர்கள் பயிற்சிப் பதிவேட்டை மட்டும் கேட்டார்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. போனில் பேசியதை நானாகத்தான் எழுதிக் கொடுத்தேன். "கேக்காததை ஏன் சார் எழுதறீங்க?" என்றார் எங்கள் மேலாளர். கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

ஒன்பது மாதம் கழித்து அறிக்கை வெளியானது. அடுத்த வாரமே அதன் நகலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அக்கா வந்து சேர்ந்தார்.

"இதுல போட்டிருக்கிற பயிற்சியாளர் நீங்கதானா?"

"ஆமாங்க."

"நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா நின்னிருப்பான்."

"நின்னிருப்பார்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "மத்தியானம் ஒரு மணி வரைக்கும் பையோட அங்கேயே நின்னேன். வர்றேன்னா வந்துடுவான். அவன் உக்கார்ற இடத்தைக் காட்டறீங்களா?"

அதே ரக விமானம் இன்னொன்று கொட்டகையில் நின்றது. ஓட்டுபவர் இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தேன். முன்னால் இருந்த வட்டங்களையும் முட்களையும் வெகுநேரம் பார்த்தார். பக்கத்து இருக்கையைத் தொட்டார்.

"நான் இதுல உக்காந்திருப்பேன், இல்ல?"

"ஆமாங்க அக்கா."

இறங்கும்போது படி எங்கே என்று அவர் கால் தடவித் தேடியது. கையை நீட்டினேன். ஒரு கணம் யோசித்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். தரையில் கால் பட்டதும் விட்டுவிட்டார்.