வெறுத்துப் போச்சு

“ஆத்துல விழுந்திருந்தா இந்நேரம் எங்கயாவது கரை ஒதுங்கியிருக்கணும்ல?”

“கல்லுல மாட்டிக்கிட்டா ஒதுங்காது.”

“பன்னிரண்டு நாளா அந்தக் கல்லு பிடிச்சு வச்சிருக்குமா? நீங்க வேற. ஓடிப் போயிருக்கா. அதான் யூடியூப்ல அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன் நேத்தே சொல்லிட்டானே, கையில பை இருந்துச்சுன்னு.”

“வேலைக்குப் போற பொம்பளை கையில பை இல்லாம பின்ன பானையா இருக்கும்?”

“சரி, பையை விடுங்க. புருஷன் மூஞ்சியைப் பாத்தீங்களா? கேமரா முன்னாடி நிக்கறான், கண்ணுல ஒரு சொட்டு இல்லை. எனக்கு அங்கயே இடிச்சுது.”

அச்சகத்தின் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தவர்கள் மெஷின்காரரும், பைண்டிங் பிரிவில் பசை தடவுகிற அம்மாளும். இந்தப் பக்கத்தில் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் அறுபத்து நாலாம் பக்கத்தில் ஸ்கேலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் காணாமல் போனவளின் தங்கை. பத்து நாள் விடுப்புக்குப் பிறகு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். முன்வாசலில் நின்று நாலு பேருக்குப் பதில் சொல்ல முடியாமல் பின்கதவு வழியாக நுழைந்ததால் அவள் வந்தது அவர்களுக்குத் தெரியாது.

அவள் அங்கே பிழை திருத்துபவள். எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்துவிட்டு, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகும் மூச்சிரைக்க ஓடிவந்து, ‘அண்ணே, ஒரு கால்புள்ளி விட்டுப் போச்சு, நிறுத்துங்க’ என்பாள். அதனால் மெஷின்காரர் அவளுக்குக் கால்புள்ளி என்றே பேர் வைத்துவிட்டார். வரியின் அடியில் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணால் தொட்டுத்தான் படிப்பாள். இன்று அந்த ஸ்கேல் ஒரே வரியில் கால் மணி நேரமாக நின்றது. இலைகள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கின்றன என்பதற்கு மேல் ஒரு எழுத்து நகரவில்லை.

“இங்க பாருங்க, இன்னிக்கு ஒரு காகிதம் காட்டறான்,” என்றாள் பைண்டிங் அம்மாள். “போலீஸ்ல எழுதிக் குடுத்ததாம். சொந்தத் தங்கச்சியே சொல்லியிருக்கா, அக்கா வாழ்க்கை வெறுத்துப் போய்த்தான் இருந்தான்னு.”

நாற்காலி பின்னால் சரிந்து விழுந்த சத்தத்தில் இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“கால்புள்ளி... நீ எப்பம்மா வந்தே?”

“நீங்க எங்கக்காவை ஆத்துல தள்ளிட்டு இருந்தப்பவே வந்துட்டேண்ணே.”

பைண்டிங் அம்மாளின் கையிலிருந்த பிரஷிலிருந்து பசை ஒரு கோடாக இறங்கி மேசையில் விழுந்தது. “இல்லடிம்மா, நாங்க ஒரு வருத்தத்துலதான்...”

“வருத்தம் நல்லா இருந்துச்சும்மா. ரெண்டு பேரும் மாப்பிள்ளை பாக்கற மாதிரி விசாரிச்சீங்க. போனைக் குடுங்க.”

மெஷின்காரர் கொடுத்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த ஆள் வீட்டுக்குள்ளேயும் கண்ணாடியைக் கழற்றாமல், துக்கம் விசாரிக்கிற குரலில் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் பெரிதாகத் தெரிந்தது. காவல் நிலைய எழுத்தரின் சாய்ந்த கையெழுத்து. அடியில் அவளுடைய கையொப்பம். இரண்டு விரலால் விரித்து, பழக்கதோஷத்தில் அடியில் நகத்தை ஸ்கேல் மாதிரி வைத்துக்கொண்டு படித்தாள்.

‘மேற்படி நபர் சில காலமாகவே வாழ்க்கையில் மனம் வெறுத்துக் காணப்பட்டதாகவும், சம்பவத்தன்று மதியம் தொலைபேசியில் அதனைத் தன்னிடம் தெரிவித்ததாகவும் வாக்குமூலம் அளிக்கிறேன்.’

‘தன்னிடம்’ அல்ல, ‘என்னிடம்’ என்று மூளையின் ஏதோ ஒரு மூலை திருத்தியது. அந்த மூலையைப் பிடித்து அறையலாம்போல இருந்தது அவளுக்கு. அக்கா காணாமல் போன மறுநாள், காவல் நிலையத்தில் எழுத்தர் காகிதத்தை நகர்த்தி மூன்று இடத்தில் விரலை வைத்தார். அவள் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். படிக்கவில்லை. ஊரான் வீட்டு அழைப்பிதழில் ஒற்று மிகுந்தால் மெஷினை நிறுத்துகிறவள், கூடப் பிறந்தவளின் பேர் இருந்த காகிதத்தைப் படிக்கவில்லை.

அக்கா சொன்னது என்ன என்பது அவளுக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தது. அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது தங்கைக்குப் போன் போடாமல் அவளுக்கு வாய்க்குள் எதுவும் இறங்காது. அன்றைக்கும் போட்டாள். “வெறுத்துப் போச்சுடி. இன்னிக்கு இருநூறு விரிப்பு, அத்தனையும் எலாஸ்டிக் வச்சது. ஒரு மூலையை மடிச்சா இன்னொரு மூலை எந்திரிச்சு உக்காருது. உன் மாமன் மாதிரியே ஜென்மத்துக்கும் ஒரு சொல்லுக்கு அடங்காது. இதைக் கண்டுபிடிச்சவன் கையில கிடைச்சான், அவனையும் நாலா மடிச்சு இஸ்திரி போட்டுருவேன்.” தானே சொல்லித் தானே சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள். சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். மூன்றரை மணிக்குச் சலவைக்கூடத்தின் கதவைத் தாண்டினாள். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அதில் ‘வெறுத்துப் போச்சு’வை மட்டும் கிள்ளி எடுத்து எழுத்தர் எழுத்து நடையில் ஊறப்போட்டிருக்கிறார். அது ஊறி உப்பி ‘வாழ்க்கையில் மனம் வெறுத்து’ என்று ஆகியிருக்கிறது.

இப்போதுதான் மற்றதெல்லாம் அவளுக்கு விளங்கியது. போலீஸ்காரர்கள் ஏன் இரண்டு நாள் ஆற்றில் மட்டும் தேடினார்கள், பிறகு ஏன் கைகழுவினார்கள். சலவைக்கூடத்துக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடையில் தெருவைப் பார்த்தபடி ஒரு கேமரா இருந்தது. அக்கா இடப்பக்கம் போனாளா வலப்பக்கம் போனாளா, யாரோடு பேசினாள், எந்த வண்டியில் ஏறினாள் என்று அதில் தெரியும். கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் போலீஸ் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றார். பதினைந்து நாளானால் பழையது தானாக அழிந்துவிடும் என்றும் சொன்னார். சீட்டுக்காக நாலு தடவை நடந்தாள். “நீங்களே சொல்லியிருக்கீங்களேம்மா,” என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினார்கள். என்ன சொன்னேன் என்று அவள் கேட்டதில்லை. ஆறுதல் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

“அண்ணே, இதை ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க.”

மெஷின்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துவந்தார். “தப்பா நினைக்காதே தாயி. எல்லாரும் பாக்கறாங்கன்னு நானும்...”

“எல்லாரும்தாண்ணே பாக்கறாங்க. தேடத்தான் ஆளில்லை.”

சிவப்புப் பேனாவை எடுத்தாள். ‘வாழ்க்கையில் மனம்’ என்பதன் மேல் கோடிழுத்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டாள். ‘சில காலமாகவே’ மேலும் ஒன்று. பக்கவாட்டில், இடைச்செருகல் குறிக்குப் பக்கத்தில், எழுத்து எழுத்தாக எழுதினாள்: எலாஸ்டிக் விரிப்புகளை மடித்து மடித்து.

காவல் நிலையத்துக்குப் போகிற வழியில், பேருந்து நிறுத்தத்துத் தூணில் காணவில்லை நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவளே எழுதி, அவளே மூன்று தடவை பிழை பார்த்தது. உயரம் சரி, பச்சை உடுப்பு சரி, இடது புருவத்துத் தழும்பு சரி. படத்தில் அக்காவின் கழுத்துக்குக் கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: ‘புருஷனைப் புடிச்சு உள்ள வைங்கடா.’ அதற்குக் கீழே இன்னொரு கை: ‘கள்ளகாதல்.’ அதில் ஒரு ‘க்’ விட்டுப் போயிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வாயாவது பேசிவிட்டுச் சாப்பிடப் போகும், தூங்கும். இது தூணில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தது. சிவப்புப் பேனாவால் இரண்டையும் காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்தாள்.

அப்போது போன் வந்தது. மாமா, அக்காவின் கணவர்.

“அந்தக் காகிதத்தைப் பாத்தேன்மா,” என்றார். பின்னால் பட்டறையில் ஏதோ அறுபடுகிற சத்தம். அவர் இப்போதெல்லாம் வேலைக்குச் சந்து வழியாகத்தான் போகிறார். தெருவில் பிள்ளைகள்கூட நின்று பார்க்கிறார்கள். “உங்கிட்ட அப்படிச் சொன்னாளா?”

“இல்லை மாமா, அது வந்து...”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம். நான்தான் ஏதோ பண்ணிட்டேன் போல. என்ன பண்ணினேன்னுதான் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், பிடிபடலை.”

ஊர் அவரைக் கொலைகாரன் என்றபோது அவர் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவரே தனக்கு எதிராகச் சாட்சி தேட ஆரம்பித்துவிட்டார். அதற்கு வழி காட்டியது அவள் கையெழுத்து.

“மாமா, அது விரிப்பைச் சொன்னது. எலாஸ்டிக் விரிப்பை. சத்தியமா. வந்து சொல்றேன், வைங்க.”

காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி நாலு. எழுத்தர் அப்போதுதான் வெளியிலிருந்து வந்திருப்பார் போல. சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றிவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி பக்கத்துக் காவலரிடம், “என்ன வெயிலுய்யா இது, செத்தேன் நான்,” என்றார். அவளைப் பார்த்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

“உக்காருங்கம்மா. தகவல் எதுவும் வரலை. வந்தா நாங்களே கூப்பிடுவோம்.”

“தகவல் கேக்க வரலை சார். திருத்த வந்திருக்கேன்.”

காகிதத்தை அவர்முன் வைத்தாள். சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும், விடைத்தாள் திரும்பி வந்த பையனைப் போல அவர் காது சிவந்தது.

“இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?”

“என் கைக்குத்தான் சார் கடைசியா வந்துச்சு. ஊர்ல எல்லார் கைக்கும் போயிட்டு வந்திருக்கு. எப்படிப் போச்சுன்னு நீங்கதான் சொல்லணும்.”

பக்கத்துக் காவலர் ஜன்னலுக்கு வெளியே எதையோ அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

“அது வேற விஷயம், விசாரிப்போம்,” என்றார் எழுத்தர். “நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்? வெறுத்துப் போச்சுன்னு சொன்னாங்கன்னு சொன்னீங்களா, இல்லையா?”

“சொன்னேன். விரிப்பையும் சொன்னேன். இருநூறுன்னும் சொன்னேன்.”

“விரிப்பெல்லாம் வழக்குக்குத் தேவையில்லம்மா. வெறுத்துப் போச்சுன்னா வெறுப்புதானே? நீங்க பேசறதை அப்படியே எழுத முடியாது. எழுத்து நடைன்னு ஒண்ணு இருக்கு.”

“தெரியும் சார். அதுலதான் நான் சோறு திங்கறேன்.” அவர் மேசையிலிருந்த குறிப்புத்தாளைத் தன் பக்கம் இழுத்தாள். “நான் உள்ள வரும்போது நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்?”

“செத்தேன்னு சொன்னீங்க. எழுதிக்கட்டுமா? ‘மேற்படி எழுத்தர் இன்று மாலை வெயிலின் கொடுமை தாங்காது காலமானார்.’ நல்ல எழுத்து நடை. ஒற்றுப்பிழைகூடக் கிடையாது. கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க சார். படிக்காமப் போடுங்க, நான் போட்ட மாதிரி.”

காவலருக்கு வந்த சிரிப்பு பாதிவழியில் இருமலாக மாறியது. எழுத்தர் பித்தான்களைப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். கத்தியிருந்தால் அவளுக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

“கோவம் வருது, புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. கையெழுத்து உங்களுது. இப்ப மாத்தினா முதல்ல சொன்னது பொய்யின்னு ஆகும். ஏன் மாத்தறேன்னு கேப்பாங்க. மாமனைக் காப்பாத்த மாத்தறாளான்னு கேப்பாங்க. அந்தக் கண்ணாடிக்காரன் சும்மா இருப்பானா? மாமனையும் உங்களையும் சேத்து வச்சுக் கதை கட்டுவான். கல்யாணம் ஆகாத பொண்ணு நீங்க.”

அவர் சொன்னது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தலைப்பைக்கூட அவளால் யூகிக்க முடிந்தது. நாளைக்கு அச்சகத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளையும் ஏதாவது ஆற்றில் தள்ளுவார்கள். மாமா அவள் வீட்டு வாசலை மிதிக்கவே கூசுவார். தனக்கு வந்தது பயமா கோபமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அவகாசம் இல்லை.

“கட்டட்டும் சார்,” என்றாள். “எங்களை என்ன வேணா சொல்லட்டும். இன்னிக்குப் பன்னிரண்டாம் நாள். இன்னும் மூணு நாள்ல அந்த மருந்துக்கடைக் கேமராவுல எங்கக்கா அழிஞ்சு போயிடுவா. அவ எந்தப் பக்கம் திரும்பினாங்கிறது அதுல மட்டும்தான் சார் இருக்கு. வேற எங்கயும் இல்லை.”

எழுத்தர் பேனாவைக் கையில் எடுத்தார். மூடியைக் கழற்றவில்லை. காகிதத்தின் ஓரத்தில் இருந்த அந்தச் சிவப்பு வரியை, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார்.

“அவளுக்கு வாழ்க்கை வெறுக்கலை சார். எலாஸ்டிக்தான் வெறுத்துச்சு. சொல்லிட்டுப் புரையேறுற வரைக்கும் சிரிச்சா.” இவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்ற அவள் குரல் அங்கே சற்று உடைந்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நான் எங்க வேணா கையெழுத்துப் போடறேன். முதல்ல பொய் சொன்னேன்னே எழுதிக்குங்க. அந்தக் கடைக்காரருக்கு மட்டும் ரெண்டு வரி எழுதிக் குடுங்க சார். எந்த நடையில வேணா எழுதுங்க.”