சனிக்கிழமைச் சேவல்

சேவலின் காலைக் கட்ட ஒரு துண்டுக் கயிறு தேடி, செல்லாச்சி கோழிக்கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அவளுடைய தம்பி குலசிங்கம் விறாந்தையில் வெள்ளை வேட்டி போர்த்துக் கிடந்தார். காலையில் அந்த உடம்பின்மேல் விழுந்து, ஊரே திரும்பிப் பார்க்கக் குழறியவள் அவள்தான். இப்போது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காரியத்தில் இறங்கிவிட்டாள். செல்லாச்சிக்கு அழுகையும் வேலையும் ஒன்றையொன்று குழப்புவதில்லை.

"மச்சாள், அதிலை கை வைக்காதேங்கோ," என்றாள் நாகபூசணி. செத்தவரின் பெண்சாதி. தலைமாட்டில் இருந்து அழவேண்டியவள், எழுந்து கூட்டடிக்கு வந்திருந்தாள்.

"கை வைக்காமல்? இண்டைக்கு என்ன கிழமையெண்டு உனக்குத் தெரியுமோ தெரியாதோ?"

தெரியாமல் என்ன? விடியப்புறம் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போன மனுஷன், கூட்டு வாசலில் குந்தினபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, அவளுக்கு முதலில் வந்தது அழுகை; அடுத்ததாக வந்தது கிழமை. சனிப் பிணம் தனிப் போகாது. நெடுந்தீவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி அது. துணைக்கு ஓர் உயிரைப் பாடையில் கட்டி அனுப்பாவிட்டால், செத்தவர் தானே ஒன்றைத் தேடிக்கொள்வார். அதையும் தன் வீட்டிலேயே தேடுவார்.

வீட்டில் தேடுவதற்கு ஆள் இருந்தது. உள்ளறையில், யன்னலைச் சாத்திவிட்டு, மகள் தவமலரை இருத்தியிருந்தார்கள். ஏழு மாதம். பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக்கூடாதென்று தகப்பன் முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை. முன்னம் இரண்டு தரம் வயிற்றில் நின்று நின்று கலைந்து போனது. இந்தத் தரம் தங்கிவிட்டது என்று வெளியில் சொல்லவே நாகபூசணிக்குப் பயம். மருமகன் வவுனியாவில் காடு வெட்டப் போயிருந்தான். தந்தி கிடைத்தாலும் வள்ளம் பிடித்து வந்துசேர மறுநாளாகும்.

"எனக்கென்ன, உன்ரை சேவலிலை கோவமே?" செல்லாச்சி குரலைத் தணித்தாள். "உள்ளுக்கை இருக்கிறவளை நினைச்சுப் பார். அவளின்ரை வயித்திலை கிடக்கிறதை நினைச்சுப் பார்."

"ஒரு பேட்டுக் கோழியைக் கட்டுவம்."

"ஆம்பிளைக்குச் சேவல்தான். காலங்காலமா அப்பிடித்தான்."

"அப்ப அயலிலை ஒரு ஊர்ச்சேவலை வாங்குவம்."

"வாங்கின உயிர் சேராது. வீட்டு உயிர் வேணும். அதோடை, செத்தவீட்டுக்கு ஆர் தன்ரை கோழியைத் தருவினம்? நீ குடுப்பியோ?"

நாகபூசணி கொடுக்கமாட்டாள்.

கூட்டுக்குள் சேவல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. பத்து வருஷத்துக்கு முன் அரசாங்க விவசாயக் கந்தோரில் கொடுத்த ஒரு சிவப்புச் சேவலிலிருந்து குலசிங்கம் தொடங்கிய வேலையின் முடிவு அது. அந்தப் பழைய சேவலை ஊர்ப் பேடுகளோடு விட்டார். பொரித்த குஞ்சுகள் வளர்ந்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கி நெஞ்சுச் சதையைத் தடவிப் பார்த்தார், தராசில் போட்டார். எலும்பில் பெரியது, சதை பிடிக்கிறது, முட்டைக்கும் குறைவைக்காதது எதுவோ அது கூட்டில் நிற்கும். மற்றதெல்லாம் சட்டிக்குப் போகும், அல்லது கலியாண வீட்டுக்குப் போகும். மாவுக்கும் பாணுக்கும் சனம் வரிசையில் நின்ற அந்தப் பஞ்ச வருஷத்திலும், சட்டியில் சாணியைப் போட்டு நிலத்தில் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்துத்தான் குஞ்சுகளைத் தேற்றினார். கடைசியில் வந்தது இந்தச் சேவல். ஒன்பது இறாத்தல். "ஒரு கூட்டுக்கு ஒரு ராசா போதும்" என்று மற்றச் சேவல்களையெல்லாம் போன மாதந்தான் விற்றுத் தீர்த்தார். இதைக் கேட்டு வந்தவர்களுக்கு, "என்னைத் தூக்கின பிறகு வந்து கேளுங்கோ" என்பார். சொன்ன வாயை இப்போது வெள்ளைத் துணியால் நாடியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

நாகபூசணிக்கு அந்தச் சேவலின்மேல் செல்லம் ஒன்றும் இல்லை. இறைச்சிக்கென்று வளர்த்த சாதி; அவள் கையாலேயே எத்தனையோ கழுத்தைத் திருகியிருக்கிறாள். ஆனால் இது போனால் மனுஷன் முழுதாகப் போய்விடுவார் என்று அவளுக்குப் பட்டது. நாளைக்கு விடியக் கூட்டைத் திறக்கும்போது, அவர் அத்தனை காலமாகத் தேடிய அந்த ஒன்றாவது வெளியே நடந்து வரவேண்டும். இதை மச்சாளுக்குச் சொன்னால் விசரி என்பாள்.

கூட்டின் மூலையில் ஒரு பழைய ஓலைக் கடகத்துக்குள், சின்னக் கறுப்பு ஊர்க்கோழி ஒன்று வைக்கோலில் அடை கிடந்தது. அதன் கீழே கிடந்த முட்டைகள் அதனுடையவை அல்ல. பெரிய சாதிப் பேடுகளுக்கு அடை கிடக்கப் பொறுமை கிடையாது. இட்டுவிட்டு ராசாத்திகள் மாதிரி நடந்துவிடும். அவை இட்டதையெல்லாம் இந்தக் கறுப்பிதான் சூடாக்கிப் பொரிக்கும்.

நாகபூசணி கடகத்தைப் பார்த்தாள். பிறகு செல்லாச்சியைப் பார்த்தாள்.

"மச்சாள், உயிர்தானே வேணும்?"

கறுப்பியின் கீழிருந்து எடுத்த முட்டையொன்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு இருட்டுக் குசினிக்குள் போனார்கள். நாகபூசணி குப்பிவிளக்கைக் கொளுத்தி, கையைக் குழலாகக் குவித்து முட்டையை அதன் முன் பிடித்தாள். ஓட்டுக்குள் செக்கச்சிவந்த வெளிச்சம். சிலந்தி கால் விரித்தது மாதிரி நரம்புகள். நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு சட்டென்று துள்ளியது.

செல்லாச்சி மூச்சை இழுத்தாள். "உயிர்தான்," என்றாள். "சேவலோ பேடோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

"யமனுக்கும் தெரியாதுதானே. சேவலெண்டு நினைச்சுக்கொண்டு போகட்டும்."

செல்லாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தவீட்டில் சிரிக்கக்கூடாதென்று வாயைச் சேலையால் பொத்தினாள். பொத்தியதும் சிரிப்பு அழுகையாகிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கெண்டால் சரியாப் படேல்லை. ஆனால் உயிர் உயிர்தான். வீட்டு உயிர்தான்," என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டாள்.

மத்தியானம் திரும்பியதும் பறை அடித்தது. குளிப்பாட்டினார்கள். பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளை இல்லை. அயல்வீட்டுப் பிள்ளைகளின் கையில் கொடுத்துச் சுற்றிவரச் செய்தார்கள். நாகபூசணி வாய்க்கரிசி போட்டாள். உதிர்ந்த அரிசியில் ஒரு மணி அவருடைய மீசையில் ஒட்டிக்கொண்டது, அதைத் தட்டிவிட்டாள். குலசிங்கத்தின் தம்பி மார்க்கண்டு கொள்ளிக்குடத்தோடு ஆயத்தமாக நின்றார். வெள்ளைத் துணியில் சுற்றிய முட்டையை நாகபூசணி தானே பாடையின் கால்மாட்டுத் தடியில் கட்டினாள். மூன்று முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தாள். தாலி அறுந்த நாளில், தன் கெட்டித்தனத்தை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. மகளையும் காப்பாற்றியாயிற்று, சேவலும் கூட்டில் நிற்கிறது.

அந்தப் பெருமையோடுதான் உள்ளறைக்குப் போனாள்.

தவமலர் பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. வெளியில், "தூக்குங்கோ, தூக்குங்கோ" என்ற சத்தம் கேட்டதும் தாயின் கையைப் பிடித்தாள்.

"அப்பாவைக் கொண்டுபோகினமோ?"

"ஓம் பிள்ளை. நீ பயப்பிடாதை. துணைக்குக் கட்டி விட்டாச்சு. உனக்கு ஒண்டும் வராது."

"அப்பான்ரை சேவலையோ?"

"சேவல் கூட்டுக்கை நிக்குது. நான் குடுப்பனே? அடை முட்டை ஒண்டு கட்டினனான். உயிர் முட்டை. விளக்கிலை பிடிச்சு வடிவாப் பாத்தனான்."

தவமலரின் கை தாயின் கையை விட்டுவிட்டு, மெதுவாகத் தன் வயிற்றின்மேல் போய் நின்றது.

"பொரிக்காததோ?" என்றாள்.

நாகபூசணி தலையை ஆட்டினாள்.

"பிறக்காததைக் கட்டி அனுப்பினனீங்களோ அம்மா?"

அப்போதுதான் நாகபூசணிக்குத் தான் செய்தது விளங்கியது. யமனுக்குச் சேவல் தெரியாமல் இருக்கலாம், பேடு தெரியாமல் இருக்கலாம். பிறக்காத உயிர்தான் இந்த வீட்டில் இருக்கிறது என்று அவளே தன் கையால் அடையாளம் கட்டி, மூன்று முடிச்சும் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

அவள் வெளியே ஓடினாள். பாடை வாசல் படலையைத் தாண்டிவிட்டது. பெண்கள் படலைக்கு இந்தப் பக்கம் நின்று தலையில் அடித்துக் குழறிக்கொண்டிருந்தார்கள். கூட்டுக் கதவை இழுத்தபோது கொண்டி கழன்று கையோடு வந்தது. சேவல் ஓடவில்லை, தூக்கித் தூக்கி நிறுத்துப் பழகிய சேவல், தராசுக்கென்று நினைத்திருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கீழே கிடந்த செல்லாச்சியின் கயிற்றை எடுத்துக்கொண்டு, பெண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வேலியோர ஒழுங்கையில் இறங்கினாள்.

"எடி, அங்காலை போகக்கூடாது! போகக்கூடாது!" செல்லாச்சி பின்னால் கத்தினாள்.

கல்வேலிக்கு இரண்டு பக்கமும் வெயில் எரிந்தது. ஒன்பது இறாத்தல் கனம் விலாவில் இடித்தது. செருப்பில்லாத காலில் முருகைக்கல் குத்தியது. அவிழ்ந்த கொண்டையோடு அவள் ஓடிவருவதைக் கண்டு பின்னால் போன ஆண்கள் ஒதுங்கினார்கள். சுடலைக்குப் போகிற பாடைக்குப் பின்னால் பெண்சாதி ஓடி வருவதை அந்த ஊர் கண்டதில்லை.

"மார்க்கண்டு, நில்லும்! நிக்கச் சொல்லும்!"

மார்க்கண்டு திரும்பினார். "அண்ணி, என்ன வேலை இது? பாடையை நடுவழியிலை இறக்கேலாது!"

"இறக்க வேண்டாம். நிண்டால் போதும்."

பறை நின்றது. தோளில் சுமையோடு அவர்கள் நின்றார்கள். மார்க்கண்டு அவளுடைய முகத்தைப் பார்த்தார். சேவலை வாங்கி வைத்துக்கொண்டார். நாகபூசணி எட்டி அந்த முடிச்சைப் பிடித்தாள். தான் போட்ட முடிச்சு தனக்கே அவிழவில்லை. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். துணி கிழிந்து முட்டை உள்ளங்கையில் விழுந்ததும், அதைச் சட்டைக்குள், நெஞ்சோடு சேர்த்துச் செருகிக்கொண்டாள்.

சேவலைக் கட்டியபோதுதான் அதற்கு விளங்கியிருக்கவேண்டும். சிறகை விரித்து அடித்தது. பாடை ஆடியது. சிவப்பு இறகொன்று வெள்ளை வேட்டியில் விழுந்தது.

நாகபூசணி கால்மாட்டில் நின்று, காலையிலிருந்து பேசாத அந்த மனுஷனோடு பேசினாள்.

"இஞ்சாருங்கோ. உங்கடை சேவலைக் கொண்டு போங்கோ. நல்லதைத்தான் தாறன். இனித் திரும்பிப் பாக்காதேங்கோ. வீட்டிலை ஒருத்தரையும் கேளாதேங்கோ."

ஆண்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நடவுங்கோ," என்றார் மார்க்கண்டு. ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை, பறைச் சத்தத்துக்கு மேலாகச் சிறகடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு பறை மட்டும் கேட்டது.

அவள் வரும்போது செல்லாச்சி படலையில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். ஏசுவாள் என்றுதான் நாகபூசணி நினைத்தாள். செல்லாச்சி அவளுடைய கல் கிழித்த காலில் தண்ணீரை ஊற்றினாள். "கிணத்தடிக்குப் போ. எல்லாரும் குளிக்கவேணும்," என்று மட்டும் சொன்னாள். உள்ளே பெண்கள் விறாந்தையைக் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் கிடந்த இடத்தில், தலைமாட்டில், விளக்கொன்று ஏற்றியிருந்தது.

நாகபூசணி கிணற்றடிக்குப் போகவில்லை. கதவு திறந்து கிடந்த கூட்டுக்குள் குனிந்து கடகத்துக்குப் பக்கத்தில் குந்தினாள்.

உள்ளறை யன்னல் திறந்தது. இனித் திறக்கலாம். தவமலரின் முகம் கம்பிக்குப் பின்னால் தெரிந்தது.

"மாத்திக் கட்டியாச்சோ அம்மா?"

"ஓம்."

"முட்டை?"

"கொண்டு வந்திட்டன்."

"உயிர் இருக்கோ?"

நாகபூசணி நெஞ்சிலிருந்து முட்டையை எடுத்தாள். சூடாக இருந்தது. அது அவளுடைய உடம்புச் சூடா, முட்டையின் சூடா, மத்தியான வெயிலின் சூடா என்று சொல்ல முடியவில்லை. விறாந்தை விளக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"இருக்கு," என்றாள்.

"பாத்தனீங்களோ?"

"பாத்தனான் பிள்ளை."

விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடைக்கோழியின் சிறகை ஒரு கையால் உயர்த்தி, முட்டையை மற்ற முட்டைகளுக்கு நடுவில் தள்ளினாள். கோழி அவளுடைய கையைக் கொத்தியது. அவள் கையை எடுக்கவில்லை.