கேள்விக்குறிக்குப் பின்னால்

திரையில், நகல் களையும் மூன்று முறைகளில் மூன்றாவது மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டிருந்தது. இணையத்தில் ஒரே பக்கத்துக்கு ஏழெட்டு முகவரி இருக்கும்; எது எதன் நகல் என்று பார்த்துக் களைவதுதான் அந்தக் காப்பகத்தில் அவள் வேலை. முதல் முறை பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைச் சரிசெய்யும். இரண்டாவது, விளம்பரக்காரர்கள் முகவரியின் கடைசியில் ஒட்டிவிட்ட வால்களை மட்டும் நறுக்கும். மூன்றாவதற்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. முகவரியில் கேள்விக்குறியிலிருந்து எல்லாமே ஒரே வெட்டு. சேமிக்க வேண்டியது பாதியாகக் குறைந்ததில் மேலாளருக்கு வாயெல்லாம் பல். அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

அவளால்தான் சிரிக்க முடியவில்லை. மூடப்போகும் ஒரு நூலகத் தளத்தை இன்று மாலைக்குள் சேமித்தாக வேண்டும். அவள் அக்கா அதில் குழந்தைகளுக்குக் கதை வாசித்துப் பதிவுசெய்தவள். ஒரு சிங்கக் கதையை இரண்டு தடவை வாசித்திருந்தாள். உடம்பு நன்றாக இருந்தபோது ஒரு தடவை. போய்ச்சேருவதற்கு முந்தைய மாதம், மகள் கேட்டாள் என்று இன்னொரு தடவை. அந்த இரண்டாவதைக் கேட்காமல் அக்கா மகள் இன்றும் தூங்குவதில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரே படம், ஒரே எழுத்து. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் எண் மட்டும் வேறு. மூன்றாவது முறையில் வெட்டினால் ஒன்றுதான் மிஞ்சும். நகல்களைக் கண்ணால் சரிபார்த்தவர்களும் இரண்டும் ஒன்றுதான் என்று குறித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பக்கத்து இருக்கைக்குத் தொந்தரவு என்று இங்கே எல்லாக் கணினியும் ஊமை. இரண்டாவது முறையிலேயே சேமிக்கலாமே என்று மேலாளரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"ரெண்டாவது முறையில போனா இடம் பத்தாதும்மா. பாதித் தளம் வெளியிலதான் நிக்கும்," என்றார் மேலாளர். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அக்காவோடத மட்டும் தனியா எடுத்து வச்சுக்குங்களேன். யாரு வேணாம்னா?"

ஒரு கணம் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"எடுத்துக்கலாம் சார். மத்ததெல்லாம் யாரோட அக்கான்னு எனக்குத் தெரியாதே."

அவள் ஒலியைத் திறந்து இரண்டாவது வாசிப்பை ஓடவிட்டாள். சுற்றிலும் தலைகள் திரும்பின. அக்காவின் குரல் மெலிந்திருந்தது. சிங்கம் குகை வாசலுக்கு வந்தது என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க நின்றது. வெறும் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிவிட மேலாளரின் கை மவுஸுக்குப் போனது. போன கை தானாக மடிக்குத் திரும்பியது.

சிங்கம் இன்னும் குகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.