மூன்று இறால் பிடிக்கும் கரண்டி

கரண்டியைச் சூப்பிரண்டுதான் தேர்ந்தெடுத்தார். சமையல் காண்ட்ராக்டரின் கிடங்கில் ஆணிகளில் தொங்கிய கரண்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்து, யாருடைய பதவி உயர்வையோ நிராகரிப்பவர்போல உதட்டைச் சுழித்துத் திரும்ப மாட்டினார். கடைசியில் எண்ணெய் டின்களுக்குப் பின்னால் கிடந்த ஒரு குட்டிக் கரண்டியைக் கண்டெடுத்துத் தூசி ஊதினார்.

“இதுல எத்தனை இறால் பிடிக்கும்?”

“மூணு சார். அதுவும் ஒண்ணுக்கொண்ணு அனுசரிச்சு உக்காந்தா” என்றார் காண்ட்ராக்டர்.

“அப்ப இதான்.” சூப்பிரண்டு அதைத் தம்பியிடம் நீட்டினார். செங்கோலை ஒப்படைக்கிற தோரணை. தம்பியும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அண்ணன் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால் வாங்கிப் பழகிவிட்டது. கொடுத்தது அதிகமில்லை என்பது வேறு விஷயம்.

சூப்பிரண்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. பட்டம் ஓய்வு பெறவில்லை. மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள், கொஞ்சம் கேலியாக. தம்பிக்குக் குடும்பத்தில் கம்பவுண்டர் என்று பெயர். மருந்துக்கடையில் நின்றபடியே தலைமுடியை நரைக்க விட்டவர். சீட்டைப் பார்த்து அட்டையிலிருந்து மாத்திரையைக் கத்திரிக்கோலால் வெட்டித் தருவார். ஐந்து என்றால் ஐந்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களும் ஒவ்வொருவராகக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசியாகக் கேட்டது ரேஷன் கடைக்காரர். அதுவும் கார்டில் ஒரே ஒரு பெயர் இருப்பதைப் பார்த்து.

மகள் பாப்பாவின் கல்யாணத்துக்குச் சூப்பிரண்டு தீட்டிய சிக்கனத் திட்டத்தில் கம்பவுண்டருக்கு முக்கியமான இடம் இருந்தது. திட்டத்தை அவர் குடும்பத்தைக் கூட்டி உட்காரவைத்து, நின்றுகொண்டு அறிவித்தார். காலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. அதற்கு நாலு பேர் போதும். வரவேற்பு சாயங்காலம் நாலு மணிக்கு: மதியச் சாப்பாடு செரித்திருக்காது, ராத்திரிப் பசி வந்திருக்காது. உள்ளே நுழைந்ததும் ரொட்டியும் சூப்பும். அதுவும் கெட்டியான சூப்பு. சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர். காது வலித்தால் மனுஷன் இரண்டாவது தடவை எழுந்து வரமாட்டான். இவ்வளவும் செய்துவிட்டு, ஊர் மெச்ச ஒரே ஒரு ராஜ அயிட்டம்: இறால் வறுவல். வரப்போகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் ஆர்டர்.

“விருந்துக்குக் கூப்பிடுறாரா, விரதத்துக்குக் கூப்பிடுறாரான்னு தெரியல” என்றாள் அண்ணி, யாரையும் பார்க்காமல்.

“பாதி ஆர்டர எல்லாருக்கும் வர வைக்கிறதுதான் நிர்வாகம். கூலிக்கு வர்றவன் கையில கரண்டிய குடுத்தா அள்ளி அள்ளிப் போடுவான். அவன் அப்பன் வீட்டுக் காசா? நம்ம ஆள் ஒருத்தன் நிக்கணும். கை நடுங்காம அளந்து போடுற ஆள்.” சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். “பாப்பாகிட்ட சொல்லிடாத. ஒத்துக்க மாட்டா.”

கம்பவுண்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “போட்டோவுக்கு நான் வரலாம்ல அண்ணே?”

“அட, அது இல்லாமயா. கூப்பிடுறப்ப வந்துட்டுப் போ.”

கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன வாரம் பாப்பா அவருடைய அறைக்கு வந்திருந்தாள். சைக்கிள் கடைக்கு மேலே, ஏணி மாதிரி செங்குத்தான படி ஏறி வரவேண்டிய அறை. அந்தப் படியில் அண்ணன் ஏறியதே இல்லை, முட்டி வலி. பாப்பா மட்டும் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சனிக்கிழமைகளில் ஏறி வருவாள். ஒரே நாற்காலி என்பதால் அவள் நாற்காலியில், இவர் கட்டிலில். இப்போது வேலைக்குப் போகிற பெண், சனிக்கிழமைகள் மாதத்துக்கு ஒன்றாகிவிட்டன. வந்தவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் செங்கல் நிறத்தில் ஒரு சட்டையை எடுத்து அவர் தோளில் வைத்துப் பார்த்தாள்.

“இதப் போட்டுட்டு வந்து என் பக்கத்துல நிக்கணும். ஓரத்துல இல்ல. பக்கத்துல. புரியுதா சித்தப்பா?”

“இந்தக் கலரா? நான் என்ன மாப்பிள்ளையா?”

“இல்லன்னா கூட்டத்துல உங்களக் கண்டுபிடிக்க முடியாது.”

அவள் போன பிறகு சட்டையை மாட்டிப் பார்த்தார். முழு உருவம் தெரிகிற கண்ணாடி அறையில் இல்லை. சவரக் கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தித் தவணை முறையில் பார்த்துக்கொண்டார். அவரைக் குடும்பத்தோடு சேர்த்து எடுத்த படம் ஒன்றுகூட அறையில் கிடையாது. அண்ணன் வீட்டு ஆல்பங்களில் அவர் ஒரு தோளாக, ஒரு முழங்கையாக, பாதியில் வெட்டுப்பட்ட காதாக அங்கங்கே இருக்கிறார். பெரும்பாலான படங்களை எடுத்தவரே அவர்தான்.

வரவேற்பன்று மூன்று மணிக்கே சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு போனார். காண்ட்ராக்டரின் ஆள் அவர் கையில் தொப்பி, மாஸ்க், கையுறை, கழுத்துவரை ஏறுகிற ஒரு வெள்ளை மேலங்கி எல்லாவற்றையும் திணித்தான். “கவுண்டருக்குப் பின்னால யார் நின்னாலும் இது கட்டாயம் சார். முடி கிடி விழுந்தா எங்க பேரு கெட்டுப்போயிடும்.” செங்கல் நிறச் சட்டை மொத்தமும் மேலங்கிக்குள் போய்விட்டது. அவர் விரலால் காலரை மட்டும் வெளியே இழுத்து விட்டுக்கொண்டார்.

கூட்டம் வந்தது. ஸ்பீக்கர் அலறியது. சூப்பு திட்டப்படி வேலை செய்தது. ஏப்பம் விட்டுக்கொண்டேதான் ஜனங்கள் இறாலுக்கு வந்தார்கள். கம்பவுண்டர் கரண்டியை நுழைத்து, தூக்கி, பாத்திரத்தின் விளிம்பில் லேசாகத் தட்டுவார். நாலாவது இறால் தொற்றிக்கொண்டு வந்திருந்தால் அது உதிர்ந்து பாத்திரத்திலேயே விழும். பிறகு அண்ணன் சொல்லிக்கொடுத்த வாசகம்: “முதல்ல இதச் சாப்பிடுங்க, அப்புறம் வந்து வாங்கிக்கலாம்.” சின்ன வயதில் ஒரே பாயில் படுத்துறங்கிய மாமா பையன் வந்தான். “கொஞ்சம் கைய ஆழமா விடுப்பா” என்றான். மூன்றாவது தெருப் பெரியப்பா வந்தார். “கல்லாவுல உக்காரவேண்டிய ஆளய்யா நீ” என்றார். மாஸ்க்குக்குள் கம்பவுண்டர் சிரித்தது யாருக்கும் தெரியவில்லை. முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. தெரிந்தவர்கள் இருபது பேர் தாண்டிய பிறகு வேடிக்கை குறைந்தது. தொப்பி, மாஸ்க் இல்லாமல் நின்றிருந்தால் மட்டும் இவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தார். “நல்லா இருக்கியா?” அதற்கு மேல் ஒன்றும் வந்திருக்காது. அதற்கு இறால் கேட்பது தேவலை.

போட்டோ நேரம் வந்தது. மேடையில் நின்று எடுத்தால் பின்னால் திரைச்சீலைதான் விழும், கூட்டம் விழாது என்று சூப்பிரண்டுக்குக் கவலை. அதனால் போட்டோகாரரை மேடையில் ஏற்றி, குடும்பத்தைக் கீழே நிறுத்தினார். “பின்னால ஹால் மொத்தமும் தெரியணும். அந்தக் கவுண்டர் வரிசையும் விழணும். நாலு பேர் பாத்தா நம்ம என்ன செஞ்சிருக்கோம்னு தெரியணும்ல?”

ஒலிபெருக்கியில் “குடும்பத்தார் எல்லாரும் வாங்க” என்றார்கள். கம்பவுண்டர் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டார். எதிரே தட்டோடு நீளமான வரிசை. வரிசையைத் தாண்டி அண்ணனைப் பார்த்தார். அண்ணனும் திரும்பிப் பார்த்தார். பார்த்து, உள்ளங்கையை விரித்து லேசாக உயர்த்தினார். அலுவலகத்தில் மனு கொடுக்க வந்தவர்களைக் கதவோரமே நிறுத்திவைத்த அதே உள்ளங்கை. இந்தப் படத்துக்கு வேண்டாம், அடுத்ததற்கு வா என்று கம்பவுண்டர் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டார். அண்ணனின் சைகைகளுக்கு நல்ல அர்த்தமாகப் பார்த்து எடுத்துக்கொள்வது அவருக்கு நெடுநாள் பழக்கம்.

பளிச்சென்று வெளிச்சம் அடிப்பதற்குச் சற்று முன்னால் பாப்பா கழுத்தைத் திருப்பி ஹாலைத் தேடினாள். அவள் கண் நாற்காலிகள்மேல் ஓடியது, வாசலுக்குப் போனது, கவுண்டர்களின் வெள்ளைத் தொப்பிகள்மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. கம்பவுண்டர் கரண்டியோடு கையைக் கொஞ்சம் உயர்த்தினார். பிறகு அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த படம் எடுக்கவில்லை.

கூட்டம் கரைந்தபோது மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் அம்மா, அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை, கடைசியில் நகைக் கனத்தில் தலை குனிந்தபடி பாப்பா. அந்த அம்மாள் தட்டில் விழுந்த மூன்று இறாலைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார்.

“ஏம்ப்பா, இது கரண்டியா, பிள்ளைக்கு இருமல் மருந்து குடுக்குற ஸ்பூனா?”

“அம்மா, விடும்மா” என்றான் மாப்பிள்ளை.

“நான் என்ன தப்பா கேட்டுட்டேன்? பொண்ணு வீட்டுல அளந்து போடச் சொன்னாங்களான்னுதான் கேக்குறேன். தெரிஞ்சுக்கணும்ல.”

பாப்பாவின் முகவாய் ஒருமுறை துடித்தது. கணக்குப் பரீட்சையில் தோற்று, அப்பாவிடம் சொல்லப் பயந்து, அந்த ஏணிப்படியில் ஏறி வந்த அன்றைக்கும் இதே துடிப்புதான். கம்பவுண்டரின் கை தன்னால் மாஸ்க்கின் நாடாவுக்குப் போனது. இழுத்தால் போதும். “சித்தப்பா!” என்று கத்துவாள். பக்கத்தில் வந்து நிற்பாள். போட்டோகாரரை மறுபடி இழுத்து வரவும் செய்வாள். அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும், கையில் குட்டிக் கரண்டியோடு, பெண்ணின் சொந்தச் சித்தப்பா ரூபத்தில். நாளையிலிருந்து பாப்பா அந்த வீட்டில்தான் சாப்பிட்டாக வேண்டும்.

கையை நாடாவிலிருந்து எடுத்தார்.

“அவங்க தாராளமாத்தான் போடச் சொன்னாங்கம்மா” என்றார், குரலைக் கட்டையாக்கிக்கொண்டு. “எங்க காண்ட்ராக்டர்தான் இந்தக் கரண்டிய குடுத்து நிறுத்திட்டாரு. சரியான கஞ்சப்பய அவரு.” சொல்லிக்கொண்டே பாத்திரத்தைச் சாய்த்து அந்த அம்மாள் தட்டில் சரித்தார். இறால் குவிந்தது.

“போதும், போதும். எல்லாத்தையும் கொட்டாத” என்றார் அவர். முகம் தெளிந்திருந்தது. “பாத்தியாடா, வாயத் திறந்து கேட்டாத்தான் கிடைக்குது.”

பாப்பா தட்டை நீட்டினாள். கண் தட்டில்தான் இருந்தது. அவர் போடப் போட, “எனக்குப் போதும்” என்று தட்டை நகர்த்திக்கொண்டு, ஸ்பீக்கரை மீறி மாப்பிள்ளை காதில் உரக்கச் சொன்னாள். “எங்க சித்தப்பாவ உங்களுக்குக் காட்டணும்னு அப்போலேருந்து தேடிட்டு இருக்கேன். எங்கயோ போய் உக்காந்துட்டாரு. கூட்டம்னாலே அவருக்கு ஆகாது.” பிறகு கவுண்டர் பக்கம் பாதி திரும்பினாள். நல்லவிதமாக வளர்ந்த பெண், பரிமாறுகிறவர்களுக்கு நன்றி சொல்லாமல் போகமாட்டாள். அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்ததே கம்பவுண்டர்தான்.

“தேங்க்ஸ்ண்ணா.”

ஸ்பீக்கரை அணைத்ததும் ஹால் திடீரென்று பெரிதாகிவிட்டது. சூப்பிரண்டு வந்து இறால் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். பாதி அப்படியே இருந்தது.

“என்னடா இது, இவ்வளவு மிச்சம்? காசு குடுத்து வாங்கினது.”

“நீங்க குடுத்த கரண்டிதாண்ணே.”

“கரண்டியத்தான் குடுக்க முடியும். மூளையுமா குடுப்பாங்க? கஞ்சப் பிசினாறின்னு ஊரே பேசிட்டுப் போகுது.” பிறகு குரலில் கருணையை வரவழைத்துக்கொண்டார். “சரி, வீணாக்க வேணாம். நீ ஒண்டிக்கட்டைதானே, எடுத்துட்டுப் போ. ஒரு வாரத்துக்கு வரும்.”

“போட்டோ...”

“அவன் எப்பவோ மூட்டை கட்டிட்டான். மணிக்கணக்குல காசு கேக்குறான்டா.”

இருட்டுவதற்குள் அறைக்கு வந்து சேர்ந்தார். மூடி போட்டுத் துணியால் கட்டிய பாத்திரத்தை அந்தப் படியில் தூக்கி ஏற்றுவதற்கு இரண்டு இடத்தில் நிற்கவேண்டியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். ஒரு தக்காளி, பாதி எலுமிச்சை, கிண்ணத்தில் நேற்றைய சோறு. பாத்திரம் உள்ளே போகவில்லை. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, நேராகவும் பக்கவாட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டு, தரையில் இறக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் போட்ட தட்டுக் கணக்கில் வீட்டு ஆட்களுக்கு இடம் இல்லாததால் காலையிலிருந்து டீதான். கட்டை அவிழ்த்தார். கரண்டியும் உள்ளேயே வந்திருந்தது. எடுத்து இறாலை அள்ளி, பாத்திரத்தின் விளிம்பில் லேசாகத் தட்டினார். நாலாவது உதிர்ந்தது. தட்டில் மூன்று விழுந்து கிடந்ததைப் பார்த்தபிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

கைப்பேசி ஒலித்தது. பாப்பா படம் அனுப்பியிருந்தாள். கீழே, “உங்களத் தவிர எல்லாரும் இருக்கோம் சித்தப்பா” என்று எழுதியிருந்தாள்.

படத்தில் அண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவர் விரும்பியபடியே ஹால் மொத்தமும் விழுந்திருந்தது: காலி நாற்காலிகள், சூப்புக் கிண்ணங்கள், தட்டோடு நின்ற ஜனம், கவுண்டர் வரிசை. பாப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் இடையில் இருந்த சந்தில், தூரத்தில், வெள்ளையாக ஒரு புள்ளி. கம்பவுண்டர் எண்ணெய்ப் பிசுக்கான இரண்டு விரலை வைத்து விரித்தார். தொப்பி வந்தது. மாஸ்க் வந்தது. உயர்த்திய கை, அதில் கரண்டி. இன்னும் விரித்தார். உருவம் கட்டங்கட்டமாகச் சிதறத் தொடங்கியது. மாஸ்க்குக்கும் மேலங்கிக்கும் நடுவில், நகக்கண் அகலத்துக்கு, செங்கல் நிறம் தெரிந்தது.