கந்தப்பன் காணாத கனவு

கோயிலுக்குப் போவதை நிறுத்திய நாளிலிருந்து கந்தப்பனிடம் ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "மனுசனுக்கு மனுசந்தான் தொணை" என்பார் அவர். 1936 ஆடியில், ராசிபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூருக்கு வாந்திபேதி வந்தபோது அதைச் செய்தும் காட்டினார். நோயாளிகளுக்குக் கஞ்சித் தண்ணீர் புகட்டினார். மற்றவர்கள் தொடப் பயந்த பிணங்களைத் தூக்கினார்.

"கெணத்துத் தண்ணியக் காச்சிக் குடிங்க" என்று வீடு வீடாகக் கெஞ்சினார்.

"சாமியில்லாதவம் பேச்சக் கேட்டா ஆத்தா கோவிச்சுக்குவா" என்று கதவைச் சாத்தினார்கள்.

அவர் மனைவி கமலவேணி மாரியம்மனை நாள் தவறாமல் கும்பிடுகிறவள். "ஆத்தா கனவுல வந்து சொன்னாள்னு சொல்லுங்க. கேப்பாங்க" என்றாள்.

"பொய் சொல்லியா உசுரக் காப்பாத்தறது?"

நான்கு நாள் பிடிவாதமாக இருந்தார். ஏழு பேர் போனார்கள். ஐந்தாம் நாள் காலையில் கோயில் வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடியே அந்தக் கனவைச் சொன்னார். மதியத்துக்குள் எல்லா அடுப்பிலும் பானை ஏறியது. பத்து நாளில் நோய் அடங்கியது.

அதன் பிறகுதான் அவருக்கு மூச்சு முட்டியது. எதிரே வந்தவர்கள் காலில் விழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கி வந்து திருநீறு பூசச் சொன்னார்கள். ஐப்பசிப் பண்டிகைக்குத் தீச்சட்டி அவர்தான் எடுக்க வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. உண்மையைச் சொன்னால் மறுநாளே பச்சைத் தண்ணீர் குடிப்பார்கள்.

தாங்க முடியாமல் ஒருநாள் சின்னாயி வீட்டுக்குப் போனார். அவளுடைய ஒரே மகன் தங்கமுத்து அந்த நான்காம் நாளில் இறந்தவன்.

"சின்னாயி, எனக்குக் கனவே வல்ல. நாஞ் சொன்னது பொய்."

கம்பு புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பொய்யின்னா, அந்தப் பொய்ய நாலு நாளைக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே."

அவள் முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"ஆத்தா அன்னைக்குத்தான் சொன்னாள்னு மனசத் தேத்திட்டு இருக்கறனுங்க. அப்படியே இருக்கட்டும். இன்னொருக்கா இதச் சொல்லாதீங்க."

பண்டிகையன்று கந்தப்பன் மஞ்சள் வேட்டி கட்டித் தீச்சட்டி ஏந்தி நடந்தார். கூட்டத்திலிருந்து சின்னாயி குடத்தோடு வந்து அவர் பாதத்தில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். அவர் உடம்பு நடுங்கியது.

"சாமி வந்திருச்சு!" என்று யாரோ கூவினார்கள். பம்பை ஓங்கி ஒலித்தது.