நகர்ந்த பீரங்கி

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரில், தேவாலயக் கூடத்தில் நவம்பர் மாத ஞாயிறு மதியம். வெளியே மழை விடவில்லை. உள்ளே ஆறு மேஜைகளில் ஈயப் பொம்மை வீரர்கள் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு மேஜையில் பொம்மைப் போர் விளையாட்டுச் சங்கத்தின் அரையிறுதிப் போட்டி. நெவில் ஆக்ராய்டுக்கு எதிரே டெரிக் கிரீன்வுட். பன்னிரண்டு வருஷமாக ஒருவரை ஒருவர் தோற்கடித்தும் கேலி செய்தும் பழகியவர்கள்.

டெரிக்குக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பேச்சு திரும்பிவிட்டது, வலது கை திரும்பவில்லை. இடது கையால்தான் பொம்மைகளை ஒவ்வொன்றாக நகர்த்துவார். நேரமாகும். நெவில் காத்திருப்பான். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

இருவரும் ஒருதரம் நகர்த்திச் சுட்டு முடித்தால் ஒரு முறை. நான்காவது முறை நடக்கும்போது வேறு ஏதோ சந்தேகத்துக்கு விதிப் புத்தகத்தைப் புரட்டிய நெவிலின் கண்ணில் ஒரு வரி பட்டது. நகர்த்திய பீரங்கி அதே முறையில் சுடக்கூடாது. இரண்டாவது முறையில் பீரங்கியை மேட்டுக்கு நகர்த்தி, உடனே சுட்டு, டெரிக்கின் குதிரைப்படையில் பாதியைத் துடைத்திருந்தான். ஆட்டம் அவன் பக்கம் சாய்ந்ததே அங்கேதான்.

மறைக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். குதிரைகளைத் திரும்ப மேஜையில் வைத்துவிடலாம் என்றான். டெரிக் படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார்.

"கண்ணாடியை மண்டை மேல ஏத்திக்கிட்டு விதி படிச்சா இப்படித்தான். நானும்தான் கவனிக்கல. ரெண்டு முறை தாண்டிடுச்சுப்பா, எதைன்னு திருப்பி வைக்கிறது? போனது போகட்டும். இனிமே சரியா ஆடு."

சங்கத்தின் வழக்கமும் அதுதான். அதே முறையில் தெரிந்தால் திருத்தலாம். தாண்டிவிட்டால் சொல்லிவிட்டு மேலே ஆட வேண்டும். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

நெவிலுக்கு மனசு ஆறவில்லை. மேஜை ஓரத்தில் படுத்துக் கிடந்த குதிரைகளைப் பார்க்கப் பார்க்கத் திருடியதுபோல இருந்தது. ஐந்தாவது முறையில், ஆட்டத்தின் இலக்கான பாலத்தைக் காத்த தன் படையைக் காரணமில்லாமல் பின்னுக்கு இழுத்தான். ஆறாவதில் தன் மிகச் சிறந்த அணியை, மறைவே இல்லாத வயல் வழியாக, டெரிக்கின் பீரங்கிகளுக்கு நேரே நடத்தினான். கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தான்.

டெரிக் பகடை உருட்டிச் சுட்டார். அணி விழுந்தது. அடுத்த முறையில் பாலமும் அவருடையது, ஆட்டமும்தான். அவர் சிரிக்கவில்லை. பகடையைக் கீழே வைத்துவிட்டு வயலைக் காட்டினார்.

"நெவில், அந்த அணியை ஏன் அங்க விட்ட?"

தவறிவிட்டது என்றான் நெவில். அவன் காது சிவந்ததை டெரிக் பார்த்தார்.

"பீரங்கி விஷயம் நீ தெரியாம செஞ்சது. எனக்குக் கோவமே வரல. இது தெரிஞ்சே செஞ்சது." குரல் உயரவில்லை. "வீட்ல ஷீலா என் தட்டுல கறியை வெட்டி வைக்கிறா. மருந்துக்கடையில என்னை முன்னாடி போகச் சொல்றாங்க. ஈவு இரக்கம் இல்லாம என்னை அடிச்சவன் நீ ஒருத்தன்தான்யா இருந்த."

பொம்மைகளைப் பெட்டியில் அடுக்க உதவப் போன நெவிலை அவர் தடுத்தார். இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அரைமணி நேரம் பிடித்தது. நெவில் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றான்.

போகிற வழியில் டெரிக், செயலாளர் ஜாய்ஸிடம் தன் வெற்றியைப் பதிவிலிருந்து அடித்துவிடச் சொன்னார். ஜாய்ஸ் காரணம் கேட்டாள், அவர் சொல்லவில்லை. இறுதிப் போட்டிக்கு அவருக்குப் பதிலாக நெவிலைக் கூப்பிட்டபோது அவனும் மறுத்துவிட்டான். எதிரே ஆளில்லாமலே கோப்பை வேறொருவருக்குப் போயிற்று.

நெவில் இரண்டு தடவை டெரிக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டான். இரண்டு தடவையும் அவர் மனைவி ஷீலாதான் எடுத்தாள். அவர் படுத்திருக்கிறார் என்றாள். பின்னால் கால்பந்து வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தது.

மார்ச்சில் அடுத்த போட்டிக்கு ஜோடி சேர்க்கச் சீட்டுக் குலுக்கியபோது இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. டெரிக் மறுக்கவில்லை. வந்தார், கை குலுக்கினார், ஆடினார். நெவில் இந்தத் தடவை உயிரைக் கொடுத்து ஆடினான். மூன்றாவது முறையில், காட்டுக்குப் பின்னால் இருந்த எதிரியைக் கவனிக்காமல் ஒரு அணியை முன்னே தள்ளிவிட்டான். சுத்த மடத்தனம். தள்ளிய பிறகுதான் உறைத்தது.

டெரிக் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"இது எந்த வகை?"

"தெரியாமத்தான் டெரிக். சத்தியமா."

டெரிக் தலையாட்டினார். நம்பிய தலையாட்டல் இல்லை. பகடையை எடுத்து உருட்டினார். அந்த அணியை அகற்றினார். அதன்பிறகு நெவில் செய்த ஒவ்வொரு நகர்த்தலிலும், நல்லதோ கெட்டதோ, அவர் கண் ஒரு கணம் அவன் முகத்துக்குப் போய்த் திரும்பியது. கடைசியில் நெவில்தான் ஜெயித்தான். அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு, தேநீருக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார்.