ஒத்திகைப் பாவம்

மணி சிஸ்டருடைய நிஜப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ஞாயிறு வகுப்பில் சிறு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தர முன்வந்த கல்லூரி மாணவர்களுக்கு அவர்தான் பயிற்சி கொடுத்தார். கையில் எப்போதும் ஒரு சின்ன மணி இருக்கும். யாராவது தப்பாகச் சொன்னால் வாயைத் திறக்க மாட்டார், மணியை ஓர் ஆட்டு ஆட்டுவார். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே பலர் பாடத்தை ஒழுங்காகப் படித்துக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்கு ஒப்புரவுப் பாடம், அதாவது பாவமன்னிப்புக் கேட்பது பற்றிய பாடம். புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு, அதற்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம் என்றாலே பயம். அந்தப் பயம் தெளிய அவர்களோடு ஒத்திகை பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கோயிலை ஒட்டிய மண்டபத்தின் ஒரு மூலையில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, நடுவில் துணி காயப்போடும் ஸ்டாண்டை நிறுத்தி, அதன்மேல் ஒரு பழைய ஜன்னல் திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். திரை தரைவரை எட்டவில்லை. எட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

சிஸ்டர் விதிகளைக் கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளையாக நடிப்பவர் சொந்தப் பாவத்தைச் சொல்லக் கூடாது, கற்பனைப் பாவம் போதும். சாமியாராக உட்காருபவர் புத்தி சொல்லலாம், பரிகாரம் கொடுக்கலாம், பாவமன்னிப்பு மட்டும் கொடுக்கக் கூடாது. அந்த இடம் வந்ததும், மீதியை ஃபாதர் சொல்வார் என்று நிறுத்திவிட வேண்டும். திரைக்குப் பின்னால் கேட்ட எதுவும், ஒத்திகையே ஆனாலும், வெளியே வரக் கூடாது. பிள்ளைகள் ஆசிரியரை நம்புவது அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது என்றார்.

முதலில் சட்டம் படிக்கும் பையன் சாமியாராக உட்கார்ந்தான். எல்லாருக்கும் அவன் வக்கீல்தான். எல்லாரும் பார்க்கச் செய்து காட்டியவன், உற்சாகம் தாங்காமல் கையை உயர்த்தி முழுப் பாவமன்னிப்பையும் கொடுத்துவிட்டான். மணி கழன்று விழுகிற மாதிரி அடித்தது. "குருப்பட்டம் எப்ப வாங்கினீங்க? எங்களையெல்லாம் கூப்பிடவே இல்லையே" என்றார் சிஸ்டர். மண்டபமே சிரித்தது. தங்கையோடு பயிற்சிக்கு வந்திருந்த பெரியவள் மட்டும் உதட்டை ஒரு பக்கமாக இழுத்ததோடு சரி.

அவளுக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பாடற்குழுவில் முதல் குரல், பள்ளி நாளிலிருந்து பெரியவளுடைய உயிர்த்தோழி, பாட்டுக்காரி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து புதுநன்மை வகுப்புப் படித்தவர்கள். என்றைக்காவது அந்த வகுப்பை இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டும் என்று அப்போதே பேசி வைத்தவர்கள். இந்த வருஷம் அது கைகூடி வந்தது. ஆனால் அன்று காலையில்தான் பெரியவள் சிஸ்டரிடம் போய், அவளோடு என்னைப் போடாதீர்கள், வேறு யாரோடாவது போடுங்கள் என்று கேட்டிருந்தாள். சாயங்காலம் வகுப்பெடுக்கும் ஜோடிகளை அறிவிக்கும்போது பார்க்கலாம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். பெரியவளுக்குப் போன பருவத் தேர்வில் ஒரு பேப்பர் போய்விட்டது. வீட்டில் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று மழுப்பிவிட்டு, பாட்டுக்காரியிடம் மட்டும் ஃபோனில் அழுதாள். சில நாள் கழித்துக் கோயில் வாசலில் பாட்டுக்காரியும் அம்மாவும் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அன்று ராத்திரியே அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வீடு இரண்டுபட்டது. நான் சொல்லவில்லை என்று பாட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள். பெரியவள் காதில் வாங்கவில்லை. முகத்தில் அறைந்த மாதிரி நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தவள், அதற்குப்பின் அவள் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. வேறு யாருக்கும் தெரியாத விஷயம், வேறு யார் சொல்லியிருக்க முடியும் என்பது அவள் கட்சி.

அடுத்த முறைக்குச் சிஸ்டர் பெரியவளைச் சாமியார் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிள்ளைகளாக நடிப்பவர்கள் வராந்தாவில் காத்திருந்தார்கள். உள்ளே யார் உட்கார்ந்திருப்பது என்று தெரியக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. மற்றவர்கள் மண்டபத்தின் மறுகோடியில் பாட்டுப் பயிற்சியில் இருந்தார்கள். பெரியவள் தொண்டையைக் கனைத்துக் குரலைத் தடிமனாக்கிக்கொண்டாள். முதலில் வந்தவன் தம்பியின் மிட்டாயைத் திருடியிருந்தான். அடுத்தவளும் மிட்டாயைத்தான் திருடியிருந்தாள். கல்லூரிவரை படித்தும் இவர்களுக்கு வேறு பாவமே தோன்றவில்லையா என்று பெரியவள் அலுத்துக்கொண்டாள்.

மூன்றாவதாக ஒரு கீச்சுக்குரல் வந்தது. "சாமி, பாவியான என்னை ஆசீர்வதியும்."

கேட்டதுமே ஆள் தெரிந்துவிட்டது. அவளுடைய தங்கை, சின்னவள். இந்த வருஷம்தான் கல்லூரியில் சேர்ந்தவள், பயிற்சிக்கும் அக்காவின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தவள். வீட்டுப்பாடம் எழுதவில்லை, பாலைக் குடிக்காமல் செடிக்கு ஊற்றினேன் என்று கீச்சுக்குரலிலேயே இரண்டு பாவம் சொன்னாள். பெரியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னும் ஏதாவது உண்டா மகளே என்று கேட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி முன்னால் நகர்ந்தது. பிறகு கீச்சுக்குரல் போய்ச் சின்னவளின் சொந்தக் குரல் வந்தது.

"எங்க அக்காவுக்கு ஒரு பேப்பர் போயிடுச்சு. அவ ஃப்ரெண்டுகிட்ட ஃபோன்ல அழுததை நான் ஒளிஞ்சிருந்து கேட்டேன். அம்மாகிட்ட நான்தான் போட்டுக் கொடுத்தேன். அக்கா அந்த ஃப்ரெண்டுதான் சொன்னான்னு நெனச்சுக்கிட்டா. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

பெரியவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. ஏன் சொன்னாய் என்று கேட்டது தன் குரல்தானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"எப்பப் பார்த்தாலும் அக்காவைப் பார்த்துக் கத்துக்கோ, அக்காவைப் பார்த்துக் கத்துக்கோன்னு சொல்றாங்க. ஒரு நாளாவது அவ திட்டு வாங்கட்டும்னு தோணுச்சு."

திரையைக் கிழித்துக்கொண்டு எழுந்து, அந்தக் காதைப் பிடித்துத் திருக வேண்டும் என்று கை துறுதுறுத்தது. தூரத்தில் சிஸ்டர் மணியோடு நின்றுகொண்டிருந்தார். மறுகோடியிலிருந்து பாட்டுக்காரியின் குரல் மற்ற குரல்களுக்கு மேலே தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்கக் கேட்கப் பெரியவளின் கோபம் தங்கையை விட்டு மெல்லத் தன்மேலேயே திரும்பியது. தங்கை ஒருமுறைதான் சொன்னாள். அதை வைத்து இத்தனை வாரமாக ஒருத்தியை வறுத்தெடுத்தது யார்? வெட்கத்தில் முகம் சுட்டது.

பயிற்சிக் கையேட்டில் பரிகாரமாக மூன்று முறை அருள்நிறை மரியே ஜெபம் என்று போட்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. "யார்மேல பழி விழுந்துச்சோ, அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லணும். அதுதான் பரிகாரம்" என்றாள். பிறகு பாவமன்னிப்பு வரவேண்டிய இடம் வந்தது. மீதியை ஃபாதர் சொல்வார் என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அந்த விதிக்காகச் சிஸ்டருக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள். அப்போது மன்னிப்புச் சொல்லச் சொல்லியிருந்தால் அவளுக்கு வாய் வந்திருக்காது.

டீ இடைவேளையில் பாட்டுக்காரி தனியாக உட்கார்ந்து பாட்டுத்தாள்களை மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் நேராகப் போய் நின்றாள். "தப்பு என்மேலதான். நீ சொல்லலை. உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ."

பாட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப யாரு சொன்னா உனக்கு?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. தங்கையின் பெயரை ஒருதரம் சொன்னால் போதும், பாதிப் பழி இறங்கிவிடும். ஆனால் அது திரைக்குப் பின்னால் கேட்டது. பெரியவள், "அதை மட்டும் கேக்காதே" என்றாள்.

அப்படியா என்று சொல்லிவிட்டுப் பாட்டுக்காரி மறுபடி தாள்களை மடிக்கத் தொடங்கினாள். காரணம் இல்லாமல் வந்த கோபம் மாதிரியே காரணம் இல்லாமல் வந்த மன்னிப்பும் அவளுக்குப் பட்டிருக்கும். சாயங்காலம் சிஸ்டர் ஜோடிகளை வாசித்தார். பெரியவள் கேட்டபடியே நடந்தது. அவளுக்கு வக்கீல் கிடைத்தான்.

அக்காவும் தங்கையும் வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் சின்னவள், கோபமா என்று கேட்டாள். எதைப் பற்றி என்று ஒன்றும் தெரியாதவள் போல் கேட்டாள் பெரியவள்.

"நடிக்காதே அக்கா. திரைக்குக் கீழே உன் ஷூ தெரிஞ்சுது. காலையில உன் நாடா அறுந்துபோச்சுன்னு என் நீல நாடாவைப் பிடுங்கிக் கட்டிக்கிட்டு வந்தியே. எனக்கு அடையாளம் தெரியாதா?"

பெரியவள் நின்றுவிட்டாள். குனிந்து பார்த்தாள். ஒரு காலில் வெள்ளை நாடா, மறு காலில் நீலம். "தெரிஞ்சேதான் சொன்னியா?"

"வீட்ல சொன்னா நீ என்னைப் பேச விடுவியா? பாதியிலயே காதைப் பிடிச்சுக்குவே. அங்க உக்காந்தா கடைசிவரைக்கும் நீ கேட்டுத்தானே ஆகணும்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. பாட்டுக்காரி சொல்லச் சொல்லக் கேட்காமல் அவள் நடந்துபோன அந்த நாள் நினைவுக்கு வந்தது. மன்னிச்சிட்டியா என்று சின்னவள் மெதுவாகக் கேட்டாள். அதை ஃபாதர்தான் சொல்லணும் என்று தப்பிக்கப் பார்த்தாள் பெரியவள்.

"நான் ஃபாதரைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

"கோபம் இருக்கு. நாளைக்கும் இருக்கும்" என்றாள் பெரியவள். பிறகு தங்கையின் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "ஆனா மன்னிச்சிட்டேன். பரிகாரம் பாக்கி இருக்கு, போ."

பாட்டுக்காரியின் வீடு அடுத்த திருப்பத்தில், மாடியில். கூட வருகிறாயா என்று சின்னவள் கண்ணாலேயே கெஞ்சினாள். பெரியவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு எதிர்ச்சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். மேலே யாரோ பாட்டுப் பழகிக்கொண்டிருந்தது கேட்டது. சின்னவள் படியேறிப் போன சற்று நேரத்தில் பாட்டு பாதியில் நின்றது. பெரியவள் நீல நாடாவை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள்.

மாடி ஜன்னல் திறந்தது. பாட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அழுதிருந்தாள் என்பது கீழேயிருந்தே தெரிந்தது.

"ஏய், அங்கேயே நின்னா எப்படி? ரெண்டு பேரையும் சேர்த்து உக்கார வெச்சுத் திட்டணும். மேல வா."

பெரியவள் அவிழ்ந்த நாடாவோடு படியேறினாள். திட்டு வாங்குவதற்கு இத்தனை வேகமாக அவள் எங்கேயும் ஓடியதில்லை.